யான்மார் 2ஜிஎம்20: ஸ்டார்ட் ஆக மறுத்தால் முதலில் எங்கே பார்ப்பது

1980, 90களில் கட்டிய 30 அடிப் பாய்மரப் படகுகள் பலவற்றில் யான்மாரின் இந்தச் சின்ன டீசல் எஞ்சின்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு சிலிண்டர், 636 சிசி, 18 குதிரைத்திறன். நீண்ட காலம் ஓட்டியபின் உறுதியாகச் சொல்லலாம்: அருமையான எஞ்சின். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சிலிண்டர் ஹெட்டைக் கழற்றப் போகாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பழைய வயரிலோ டீசல் வரும் வழியிலோதான் இருக்கும்.

இதில் சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக் கிடையாது. காற்று அமுங்கிச் சூடாகித்தான் டீசல் பற்ற வேண்டும். செல்ப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும், எத்தனை முறை அடித்தாலும் பற்றாது.

வேறெதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. இரண்டு, மூன்று முறை அடித்தும் பிடிக்கவில்லையா, கடல்நீர் வால்வை மூடுங்கள். செல்ப் சுற்றும்போதெல்லாம் தண்ணீர் பம்பும் சுற்றி சைலன்சரை நிரப்பும். அதை வெளியே தள்ளப் புகை இல்லாததால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் ஏறிவிடும். நல்ல எஞ்சின்கள் இப்படித்தான் வீணாகின்றன. எஞ்சின் பிடித்த உடனே வால்வைத் திறக்க மறக்கக் கூடாது, தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழிந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரியைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். சாவியிலிருந்து சொலினாய்டுக்கு (செல்ப்பின் மேலிருக்கும் மின்காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய வயர் மிக நீளம், நடுவில் பிளக் வேறு. உப்புக் காற்றில் அதன் பின்கள் பச்சை பூத்துவிடும். சொலினாய்டின் சின்ன முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மீட்டரை வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் இங்கே 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வயர்தான் காரணம். நிரந்தரத் தீர்வு, செல்ப் பக்கத்திலேயே ஒரு 12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச். அதன் முனைகளில் எண்கள் இருக்கும்: சாவி வயரை 86இல் கொடுத்து 85ஐ எர்த் செய்யுங்கள். செல்ப்பின் தடித்த பாசிட்டிவ் முனையிலிருந்து 30 ஆம்பியர் பியூஸ் வழியாக 30ஆம் முனைக்கும், 87இலிருந்து சொலினாய்டுக்கும் வயர் போனால் போதும். இந்த எஞ்சினுக்குச் செய்யும் செலவுகளிலேயே மிகச் சின்னதும் மிகப் பயனுள்ளதும் இதுதான்.

செல்ப் வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் எக்ஸாஸ்ட் வாயைப் பாருங்கள். துளிப் புகைகூட இல்லையென்றால் டீசல் ஏறவில்லை. ஸ்டாப் குமிழ் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிள் இறுகி, எஞ்சின் பக்கத்து லிவர் திரும்பாமல் நின்றிருக்கலாம். அது சரியாக இருந்தால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை ஸ்குரூவைத் தளர்த்தி வெளியேற்ற வேண்டும்: முதலில் பில்டர் தலையிலுள்ள ஸ்குரூ, அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்குரூ. டீசல் பம்பின் கைலிவரை அடித்தும் அழுத்தம் தெரியவில்லையென்றால் அந்தப் பம்பை இயக்கும் கேம் மேட்டில் நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு பெரிய குமிழிகள், கடைசியில் குமிழியே இல்லாத தெளிந்த டீசல். அதுவரை இறுக்க வேண்டாம். அப்புறம் நாசிலுக்கு வரும் டீசல் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லிவர்களைத் தூக்கி, திராட்டிலை முழுக்கத் திறந்து செல்ப் அடித்தால் டீசல் பீச்சும். விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

நேற்று ஓடி இன்று காலை மறுத்தால் எங்கோ காற்று புகுகிறது. டேங்கிலிருந்து டீசல் பம்பு வரையுள்ள பாதையில் ஓட்டை இருந்தால் வெளியே டீசல் சொட்டாது, காற்றை உள்ளே உறிஞ்சும். அதனால்தான் கண்ணில் படுவதில்லை. ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னும் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு போட்டால் குமிழி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். செம்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாகவே மாற்றுங்கள்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. டீகம்ப்ரஷன் லிவர் இரண்டும் இறங்கியிருக்கின்றனவா? வால்வு இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, 0.2 மிமீ இருக்க வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் இரண்டு லிவரையும் தூக்கிச் செல்ப் அடித்து, வேகம் எடுத்ததும் ஒன்றை இறக்குங்கள்.

பிடித்தாலும் திணறிக் கறுப்புப் புகை தள்ளினால், எக்ஸாஸ்டில் தண்ணீர் கலக்கும் வளைவுக் குழாயை (எல்போ) கழற்றுங்கள். கார்பன் கட்டி, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு அடைந்திருக்கும். சுரண்டினால் சில காலம் ஓடும். சுவர் மெலிந்திருந்தால் புதிது போடுங்கள்.