லெசோத்தோ ஜீன்ஸ்: ஐந்துக்கு நாலு

நியூ ஜெர்சி எடிசனில் ஒரு தள்ளுபடிக் கடையில் வாங்கினேன். தையல் பிரமாதம், பின்பாக்கெட் ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இடுப்பு மட்டும் கொஞ்சம் லூஸ்.

லேபிளில் லெசோத்தோ என்று இருந்தது. தென்னாப்பிரிக்கா நாலாபுறமும் சூழ்ந்த மலைநாடு. 2000-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அகோவா சட்டம் (ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சரக்கை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் விடுவது) வந்த பிறகுதான் அங்கே ஆடைத் தொழில் பெருகியது. இந்தப் பருத்திக் கால்சட்டைக்கு அமெரிக்கா வழக்கமாகப் போடும் 16.6 சதவீத இறக்குமதி வரி, அந்தச் சட்டத்தின்கீழ் வந்தால் கிடையாது. லெசோத்தோ போன்ற ஏழை நாடுகளுக்குத் துணி எங்கிருந்து வந்தாலும் சரி, அங்கே தைத்தால் போதும். ஆகவே துணியும் ஆப்பிரிக்காவுடையது என்று நம்பிவிடாதீர்கள். கெடு வைத்துக் கெடு வைத்து நீட்டுகிற சட்டத்தை நம்பி எவன் புது மெஷின் வாங்குவான் என்பது என் எரிச்சல்.

அப்புறம், சாயம் இறங்குகிறது. தனியாகத் துவையுங்கள்.