கரண்டு பில் யார் பெயரில்? கோலாலம்பூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு

வீட்டை வாடகைக்கு விடும்போது ஐம்பது ரிங்கிட்டுக்காக அரை மணி நேரம் பேரம் பேசுவோம். கரண்டு பில் யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சாவி கொடுக்கும் அன்று வாசலில் நின்று முடிவு செய்வோம். "அங்கிள், உங்க பேர்லயே இருக்கட்டும், மாசா மாசம் நான் கட்டிடுறேன்." "சரிப்பா." அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கெப்போங் எங்கே கேட்டாலும் இந்தப் பேச்சுதான்.

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாக் கணக்கும் வீட்டுக்காரர் பெயரிலேயே தொடர்வது ஒன்று. குடிவருகிறவர் பெயருக்கு மாற்றுவது இன்னொன்று. எல்லாவற்றையும் வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக வாங்குவது மூன்றாவது. முழு வீட்டையோ கடையையோ ஒருவருக்கே விடுவதானால் கரண்டு கணக்கு அவர் பெயருக்குப் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. அறை அறையாக விடுவது வேறு கதை.

முதல் வழியின் சுகம் தெரிந்ததுதான். கவுண்டர் இல்லை, படிவம் இல்லை. ஆள் மாறினாலும் விளக்கு எரியும். கைபேசியில் மின்சார நிறுவனமான தெனாகாவின் மைடிஎன்பி செயலியைத் திறந்தால் போன மாத பில் கட்டியாயிற்றா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆனால் பாக்கி தெரிவது வேறு, பாக்கி வசூலாவது வேறு. நம்மூர் வழக்கப்படி இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, தண்ணீர் கரண்டுக்கென்று அரை மாதம். வாடகை 1,500 ரிங்கிட் என்றால் அந்த அரை மாதம் 750. மூன்று ஏர்கோன் (ஏசி) ஓடும் வீட்டில் மாதம் 350, 400 என்று பில் வந்தால் இரண்டு மாத பாக்கியிலேயே அந்த டெபாசிட் கரைந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் பெயருக்கு வரும் பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டும். கோபத்தில் ஆளை வெளியே தள்ளிப் பூட்டைப் போடவும் முடியாது. குடியிருக்கிறவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் சொல்கிறது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. எனக்கு உண்மையில் பயம் மீட்டரில்தான். வாடகைக்கு எடுத்த கடைவீட்டில் ஜன்னலை அடைத்து, மீட்டரைத் தாண்டி ஒயர் இழுத்து, இரவு பகலாக பிட்காயின் உருவாக்கும் இயந்திரங்களை ஓட்டிவிட்டு ஒரு நாள் காணாமல் போகிற கூட்டம் இங்கே உண்டு. 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை இந்த வகைத் திருட்டில் தெனாகா இழந்தது சுமார் 4.6 பில்லியன் ரிங்கிட். இப்படி இழந்த வருமானத்தைப் பயனீட்டாளரிடம் கேட்க 1990ஆம் ஆண்டின் மின்சார விநியோகச் சட்டம் தெனாகாவுக்கு வழி செய்கிறது. அந்தக் கடிதம் முதலில் தேடிப் போவது கணக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான். நான் அந்தப் பக்கமே போவதில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபிக்க ஓட வேண்டியது வீட்டுக்காரர் பாடு.

இரண்டாவது வழிக்கு வருவோம். குடிவருகிறவர் தன் ஐசியையும் (அடையாள அட்டை) வாடகை ஒப்பந்தத்தையும் வைத்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அவர் தெனாகாவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதப் பயன்பாட்டு அளவுக்கு டெபாசிட் கட்ட வேண்டும், முத்திரை வரிக்கு 10 ரிங்கிட். பழைய கணக்கு மூடப்பட்டு, வீட்டுக்காரரின் டெபாசிட்டில் பாக்கி போக மிச்சம் திரும்பி வரும். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை குத்தியிருப்பது நல்லது. 2025லிருந்து ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த முத்திரை வரி விலக்கு போய்விட்டது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் என்று பார்த்தால், மாதம் 1,500 வாடகைக்கு 72 ரிங்கிட். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இங்கே முரண்டு பிடிப்பது பெரும்பாலும் குடிவருகிறவர்தான். "ஏற்கெனவே மூன்றரை மாதக் காசு கொடுத்தாச்சு, இன்னும் தெனாகாவுக்கு வேறயா?" நியாயமான கேள்வி. அந்த அரை மாத டெபாசிட்டைக் குறைத்துக்கொண்டால் வழிக்கு வந்துவிடுவார்கள். நானாக இருந்தால் தண்ணீருக்கு ஒரு 150, 200 மட்டும் வைத்துக்கொள்வேன். தெனாகாவில் கிடக்கும் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி பில்லில் கழியும் என்பதையும் சொல்லிப் பாருங்கள். எந்த வீட்டுக்காரர் டெபாசிட்டுக்கு வட்டி கொடுக்கிறார்?

குறையும் உண்டு. ஒருவர் கணக்கை மூடிவிட்டுப் போனபின் அடுத்தவர் வரும் வரை வீட்டில் கரண்டு இருக்காது. பெயின்ட் அடிக்க, ஏர்கோன் கழுவ ஆள் வருவதற்குள் உங்கள் பெயரில் மறுபடி திறந்தாக வேண்டும். அடிக்கடி ஆள் மாறும் வீட்டுக்கு இது சலிப்பான வேலைதான்.

தண்ணீரில் நான் இவ்வளவு கறார் இல்லை. ஆயர் சிலாங்கூர் பில் சிறியது, உங்கள் பெயரிலேயே இருந்தாலும் பெரிய ஆபத்தில்லை. சில கொண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகள்) கட்டடம் முழுமைக்கும் ஒரே பெரிய மீட்டர். நிர்வாகமே வீட்டுக்கு வீடு அளந்து உரிமையாளருக்குப் பில் போடும். அங்கே மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. இண்டா வாட்டர் கழிவுநீர்க் கட்டணமும் மாநகர் மன்றத்தின் மதிப்பீட்டு வரியும் (சொத்து வரி) எந்த வழியிலும் வீட்டுக்காரர் தலையில்தான். மதிப்பீட்டு வரிக்குக் கெடு பிப்ரவரி கடைசி, ஆகஸ்ட் கடைசி. கடையாக இருந்தால் வணிக உரிமத்தைப் புதுப்பிப்பது கடைக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அறை வாடகைக்கு மூன்றாவது வழியை விட்டால் வேறு நடைமுறை இல்லை. ஐந்து பேருக்கு ஒரே மீட்டர், யார் பெயருக்கு மாற்றுவது? ஆனால் "எல்லாம் சேர்த்து" என்று வாய்விட்டால் ஏர்கோன் அணையவே அணையாது. ஒரு குதிரைத் திறன் ஏர்கோன், பழைய ரகம், மணிக்கு 0.8 யூனிட் என்று வையுங்கள். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 190 யூனிட்டைத் தாண்டும். மூன்று அறை ஓடினாலே 570க்கு மேல், ஐஸ் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் தனி. 600 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணம் (ரீடெய்ல் சார்ஜ்) சேரும், மிகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் விழும். அதனால் விளக்கு, காற்றாடி, தண்ணீர் வாடகையில் சேரட்டும். ஏர்கோனுக்கு மட்டும் அறைக்கு ஒரு துணை மீட்டர் போடுங்கள். ஒன்றாம் தேதி ஒவ்வொருவரும் தன் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

எந்த வழியானாலும் காலி செய்கிற அன்று மீட்டரை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். கடைசி பில் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.