அலுமினியத்தை டி6-க்குக் கொடுக்கிறீர்களா? சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள்

சான்றிதழில் கடினத்தன்மை 95 ப்ரினெல் என்று இருந்தது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய பாகத்தில் நான் அளந்தபோது வந்தது 68.

அந்த ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அலுமினியத்தை டி6-க்கு, அதாவது சூடேற்றி ஆற்றிக் கடினமாக்க, வெளியே கொடுத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாகம், 6061 என்ற அலுமினியக் கலவையில் ஃபோர்ஜ் செய்த (சூட்டில் அழுத்தி உருவாக்கிய) பிராக்கெட். சுமார் 530 டிகிரியில் ஊறவைத்து, உடனே தண்ணீரில் இறக்கி, அப்புறம் 175 டிகிரியில் 8 மணி நேரம் ஏஜிங், அதாவது மிதமான சூட்டில் வைத்துக் கடினமாக்குவது. புதிதாக எதுவும் இல்லை, பல வருஷமாக எல்லோரும் செய்கிற வேலை. பேட்ச் திரும்பி வந்தது, சான்றிதழும் கூடவே வந்தது. துளை போட்டு மரை வெட்ட மெஷினுக்கு அனுப்பினேன்.

முதல் எச்சரிக்கை அங்கேயே கிடைத்தது. சிப்ஸ் உடையாமல் நீள நீளமாக வந்து ட்ரில்லில் சுற்றிக்கொண்டது. துளையின் விளிம்பில் பிசிறு. "அண்ணே, இது டி6 மாதிரி இல்லையே, மெழுகு மாதிரி வருது" என்றார் ஆபரேட்டர். ட்ரில் மழுங்கியிருக்கும், மாற்றிப் போடு என்றேன். அவர் சொன்னதைக் கேட்டு ஒரு பாகத்தை எடுத்து அளந்திருந்தால் மிச்சம் எல்லாம் தப்பியிருக்கும்.

வாடிக்கையாளர் போல்ட்டை முறுக்கியபோது மரை உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஒன்றல்ல, வரிசையாக.

பத்து பாகங்களை அளந்தேன். மூன்று 90-க்கு மேல். மற்றதெல்லாம் 62-லிருந்து 74 வரை. ஏஜிங் செய்யாத டி4 நிலையில் 6061 சுமார் 65 காட்டும். அதனால் ஏஜிங்கை விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சரி, அப்படியானால் மறுபடி ஏஜ் செய்தால் ஏறிவிடுமே என்று ஒரு பாகத்தை 175-இல் 8 மணி நேரம் வைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. தப்பு முன்னாலேயே நடந்திருக்கிறது. ஒன்று, ஃபர்னஸில் எல்லா பாகமும் முழுச் சூட்டுக்கு வரவில்லை. இல்லையென்றால் தண்ணீரில் இறக்கத் தாமதம். கலவையில் இருக்கும் மக்னீசியமும் சிலிக்கானும் முதலில் முழுக்கக் கரைய வேண்டும், பிரிந்து போவதற்குள் தண்ணீரில் சட்டென்று ஆறி உலோகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ள வேண்டும். ஃபர்னஸ் கதவு திறந்து தண்ணீருக்குள் போகிறவரை கனமான பாகத்துக்குச் சுமார் 15 விநாடிதான் அவகாசம். கூடையில் நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பது தண்ணீருக்குள் போனாலும் மெதுவாகத்தான் ஆறும். அந்த மூன்று நல்ல பாகங்கள் ஓரத்தில் இருந்தவை என்றே நினைக்கிறேன்.

எஃகு போல அலுமினியம் சிவந்து காட்டாது. வேக்காடு சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. வெப்பநிலைச் சார்ட் ஒன்றுதான் சாட்சி.

அதை மூன்று முறை கேட்ட பிறகு அனுப்பினார்கள். இரண்டு மாதம் முன்பு வேறு பேட்ச்சுக்குத் தந்த சார்ட் என் கோப்பில் இருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கதவு திறந்தபோது விழும் அந்தச் சின்னப் பள்ளம், அதற்கு அடுத்த நடுக்கம், எல்லாம் கோட்டுக்குக் கோடு ஒன்றாக விழுந்தது. கையால் எழுதிய தேதி மட்டும் வேறு.

இப்போதெல்லாம் வேலை கொடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைக் கூடை நடுவில் பாகத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், குவென்ச் (தண்ணீரில் இறக்கும்) தாமதத்தைக் குறித்துத் தர வேண்டும், சார்ட்டில் என் பேட்ச் எண் இருக்க வேண்டும். பாகம் வந்ததும் கூடையின் நடுவிலிருந்தும் மூலையிலிருந்தும் எடுத்து நானே அளக்கிறேன். அளக்காமல் எதுவும் மெஷினுக்குப் போகாது. முகம் சுளிக்கிற கூடத்துக்கு வேலை கொடுப்பதில்லை.

இலவசமாக மறுபடி செய்து தருகிறோம் என்றார்கள். மரை வெட்டி முடித்த பாகத்தை 530-க்கு ஏற்றித் தண்ணீரில் போட்டால் வளையும், துளை வட்டம் கெடும். திருத்திக் கடைய மேலே உலோகமே மிச்சமில்லை. அதைச் சொன்ன பிறகு அவர்கள் போனை எடுப்பதில்லை.