பல்ஸ்டு ஆர்.எஃப். வலி சிகிச்சையை மாடல் செய்ய காம்சால்: எதை நம்பலாம், எதைத் திருத்த வேண்டும்

வலியைக் குறைக்க, ஊசி வழியே நரம்பருகில் உயர் அதிர்வெண் மின்சாரத்தைச் சிறு துடிப்புகளாக (பல்ஸ்) செலுத்துவது பல்ஸ்டு ரேடியோ ஃப்ரீக்வென்சி (ஆர்.எஃப்.) சிகிச்சை. அதைக் கணினியில் மாடல் செய்யக் கிளம்புபவர்களில் பலர் எடுக்கும் மென்பொருள் காம்சால் மல்டிபிசிக்ஸ். மின்புலம், வெப்பக் கடத்தல், ரத்த ஓட்டம் மூன்றையும் ஒரே கோப்பில் இணைத்துத் தீர்ப்பதில் அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான கருவி. ஆனால் தொடர்ச்சியாகச் சூடேற்றித் திசுவைப் பொசுக்கும் அப்லேஷன் சிகிச்சையின் மாடலுக்குச் சரியாக ஓடும் அமைப்புகளை மாற்றாமல் பல்ஸ்டு மாடலுக்கும் வைத்தால் விடை தப்பாக வரும். எச்சரிக்கை எதுவும் வராது, படம் மட்டும் அழகாக வரும்.

காரணம் சிகிச்சையின் கால அமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான அளவுகள்: சுமார் 500 கிலோஹெர்ட்ஸ், 45 வோல்ட், 20 மில்லி செகண்டு பல்ஸ், செகண்டுக்கு 2 பல்ஸ், மொத்தம் 120 செகண்டு, வெப்ப வரம்பு 42 டிகிரி செல்சியஸ். அதாவது 240 பல்ஸ். ஒவ்வொரு அரை செகண்டிலும் 4 சதவீத நேரம்தான் மின்சாரம் பாயும். காம்சாலின் டைம் சோல்வர் (சமன்பாடுகளை நேரத்தில் அடி அடியாகத் தீர்க்கும் பகுதி) வழக்கமாக 'ஃப்ரீ' முறையில், தானே நேர இடைவெளியைத் தேர்ந்தெடுத்து ஓடும். ஓய்வு நேரத்தில் எதுவும் பெரிதாக மாறாததால் இடைவெளியைப் பெருக்கிக்கொண்டே போய், அடுத்த பல்ஸைத் தாண்டிக் குதித்துவிடலாம். வெப்பநிலை வரைபடம் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தீர்வு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது: குறித்த நேரத்தில் ஒரு மதிப்பை மாற்றச் சொல்லும் ஈவென்ட்ஸ் இன்டர்ஃபேஸ். 0, 0.5 செகண்டு என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு ஈவென்டில் மாறியை 1 ஆக்க வேண்டும். 0.02 செகண்டில் தொடங்கி அதே இடைவெளியில் வரும் இன்னொன்றில் அதை 0 ஆக்க வேண்டும். மின்னழுத்தத்தை அந்த மாறியால் பெருக்கினால் போதும். சோல்வர் ஒவ்வொரு விளிம்பிலும் நின்று, சிறிய அடி எடுத்து மறுபடி தொடங்கும். சோல்வர் அனுமதிக்கும் பிழை அளவான ரிலேட்டிவ் டாலரன்ஸை 0.01-லிருந்து 0.001-க்கு இறக்குங்கள். 500 கிலோஹெர்ட்ஸ் அலையையே நேரத்தில் வரைய முயல வேண்டாம். அலைக்கு 20 புள்ளி வைத்தாலே 4.8 கோடி அடிகள் ஆகும். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் திசுவிலும் மீட்டர் கணக்கில் இருப்பதால், ஆர்.எம்.எஸ். மின்னழுத்தம் (அதே வெப்பத்தைத் தரும் நிலையான மின்னழுத்தத்தின் அளவு) கொடுத்து நிலையான மின்னோட்டமாகத் தீர்ப்பதே சரியானது.

இங்கே இன்னொரு பொறி உண்டு. விடையை 0.5 செகண்டுக்கு ஒருமுறை சேமித்தால், ஒவ்வொரு பல்ஸும் தொடங்கும் நொடியின் வெப்பநிலை மட்டுமே பதிவாகும். உச்சம் கண்ணிலேயே படாது. முனை அருகில் ஒரு ப்ரோப் (அந்த இடத்தின் மதிப்பைப் பதியும் புள்ளி) வைத்து, சோல்வர் எடுக்கும் எல்லா அடியிலும் பதியச் சொல்லுங்கள்.

மெஷ், அதாவது மாடலைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை, விஷயத்தில் மென்பொருளின் 'நார்மல்', 'ஃபைன்' தேர்வுகளை நம்ப வேண்டாம். தசையின் வெப்பப் பரவல் எண்ணை வைத்துக் கணக்கிட்டால், 20 மில்லி செகண்டில் வெப்பம் நகரும் தூரம் சுமார் 0.05 மி.மீ. மட்டுமே. ஊசியை ஒட்டிய மெஷ் 0.02 மி.மீ. அளவுக்காவது இறங்க வேண்டும். அதோடு ஊசி முனையைக் கூர்மையாக வரைந்தால், மெஷைச் சிறிதாக்கச் சிறிதாக்க மின்புலம் ஏறிக்கொண்டே போகும், நிலைக்கவே நிலைக்காது. முனைக்கு ஒரு சிறு வளைவு ஆரம் கொடுத்தால்தான் எண் ஒரு இடத்தில் நிற்கும். அந்த ஆரம் என்ன என்பதைக் கட்டுரையில் எழுதாதவர்களின் உச்ச மின்புல எண்ணுக்கு மதிப்பில்லை.

சரிபார்க்க ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 22 கேஜ் ஊசி, காப்புறை இல்லாத 10 மி.மீ. முனை, ஆரம் 0.35 மி.மீ., தசையின் கடத்துத்திறன் மீட்டருக்கு 0.446 சீமென்ஸ் என்று வைத்தால் மின்தடை சுமார் 120 ஓம் வரும். உங்கள் மாடல் 120-ஐ விட்டு வெகுதூரம் போனால், வெளி எல்லை மிக அருகில் இருக்கிறது, அல்லது ஊசியின் காப்புறைப் பகுதியை மின்முனையாக விட்டுவிட்டீர்கள். 45 வோல்ட் ஆர்.எம்.எஸ். என்றால் பல்ஸ் ஓடும்போது சுமார் 17 வாட், சராசரியாக 0.7 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 45 உச்ச மதிப்பு என்றால் வெப்பம் நேர்ப்பாதி. ஜெனரேட்டர் திரை எதைக் காட்டுகிறது என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு எண்ணை இடுங்கள்.

ஊசித் தண்டின் பக்கவாட்டில் மின்புலம் மீட்டருக்கு 40,000 வோல்ட் அளவில் இருக்கும். ஒரே பல்ஸில் அங்கே திசு கிட்டத்தட்ட 4 டிகிரி ஏறும். முனையில் அதைவிட அதிகம். பல்ஸ் முடிந்ததும் ஊசியை ஒட்டிய மெல்லிய படலத்தின் சூடு வேகமாக வடியும். ஆனால் ஊசிக்குள் இருக்கும் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரி உலோகத்தின் சராசரியைத்தான் சொல்லும். சாதனம் 42 காட்டுகிறது என்பதற்காகத் திசு 42-ஐத் தாண்டவில்லை என்று பொருளல்ல. இதை எண்ணால் காட்ட முடிவதுதான் இந்த மாடலிங்கின் மிகப் பெரிய பயன். அதனால் ஊசி உலோகத்தையும் மாடலில் சேருங்கள், வெறும் எல்லைக்கோடாக விடாதீர்கள். வரம்பைத் தொட்டதும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டையும் அதே ஈவென்ட்ஸில், உலோகத்தின் வெப்பநிலையை நிபந்தனையாக வைத்து எழுதலாம்.

ரத்த ஓட்டம் திசுவின் வெப்பத்தைக் கொண்டுபோவதைக் கணக்கிட பென்னஸ் 1948-இல் தந்த சமன்பாடு பயோஹீட் இன்டர்ஃபேஸில் தயாராக இருக்கிறது. அதற்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் மாட்யூல் தனியாக வாங்க வேண்டும். லைசன்ஸ் இல்லாதவர்கள் அடிப்படைத் தொகுப்பின் ஜூல் ஹீட்டிங்கில் அந்தச் சமன்பாட்டின் ரத்த ஓட்டப் பகுதியை வெப்ப மூலமாகக் கையால் எழுதிச் சேர்க்கலாம். கிலோவுக்கு நிமிடத்துக்கு மில்லிலிட்டர் என்று தரப்படும் எண்ணை செகண்டுக்கு மாற்றும்போது கவனம். ஓய்வான தசைக்கு அது ஏறக்குறைய 0.0007. 120 செகண்டில் இதன் தாக்கம் சொற்பம், கடத்தல்தான் ஆட்சி செய்யும். ரத்த ஓட்ட எண்ணைத் தேடி வாரக்கணக்கில் மெனக்கெடுவதைவிட மெஷில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

நேரான ஊசி, ஒரே திசு என்றால் இருபரிமாண சுழல்சமச்சீர் மாடலே போதும், சாதாரண மடிக்கணினியில் ஓடும். முதுகெலும்பு, நரம்பு முடிச்சு, தண்டுவடத் திரவம் எல்லாம் வந்தால் முப்பரிமாணம் தவிர்க்க முடியாது. எலும்பின் கடத்துத்திறன் 0.02, திரவத்தின் கடத்துத்திறன் 2. நூறு மடங்கு வித்தியாசம் மின்புலத்தை வளைத்துவிடும். அப்போது 240 பல்ஸையும் ஓட்டுவது பெரும்பாடு. கடத்துத்திறன் வெப்பத்தோடு டிகிரிக்கு 2 சதவீதம் வரை ஏறுவதை விட்டுவிடச் சம்மதித்தால், 1 வோல்ட் கொடுத்து மின்புலத்தை ஒரே ஒருமுறை தீர்த்து, வெப்ப மூலத்தை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிக்கொள்ளலாம். 5 டிகிரி ஏற்றத்தில் கடத்துத்திறன் அதிகபட்சம் 10 சதவீதம்தான் மாறுகிறது. மிச்சமாகும் கணினி நேரத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல பேரம்.

வெப்பநிலையையும் நேரத்தையும் வைத்துத் திசு சேதத்தை மதிப்பிடும் அரீனியஸ் கணக்கும் உள்ளே இருக்கிறது. ஆனால் பலரும் அப்படியே எடுத்துப் போடும் மாறிலிகள் கல்லீரலுக்கானவை, நரம்புக்கு அல்ல. வலி ஏன் குறைகிறது என்பதற்கு இந்த மென்பொருள் பதில் தராது. நரம்பு இருக்கும் இடத்தின் மின்புலத்தை எடுத்து 'நியூரான்' என்ற மென்பொருள் போன்ற ஒன்றில் நரம்புச் செல் மாடலுக்குக் கொடுக்க வேண்டியது தனி வேலை. பணம் தடையென்றால் எல்மர் என்ற மென்பொருள் இலவசம். மின்னோட்டம், வெப்பம், ரத்த ஓட்டக் கணக்கு மூன்றும் அதில் உண்டு. பல்ஸ் விளிம்புகளுக்கு ஏற்ற நேர அடிகளை மட்டும் நீங்களே எழுத வேண்டும்.