2.18 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் வீட்டில், 1.10 லட்சம் ஓடியது சந்தையில்

போன ஐப்பசியில் எங்கள் குடும்பத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பழைய கார்களுக்கு, ரிப்பேர் பார்ப்பதா விற்பதா என்ற கேள்வி வந்தது. ஒன்று அம்பாசமுத்திரத்தில் நிற்கும் என் 2012 டீசல் வண்டி, 2,18,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றது உவரியில் அத்தான் வைத்திருந்த 2013 பெட்ரோல் வண்டி, 1,10,000 தான். மீட்டரை மட்டும் பார்க்கிறவர்கள் என்னுடையதைத் தள்ளிவிட்டு அத்தானுடையதை ரிப்பேர் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாங்கள் செய்தது நேர்மாறு.

என் வண்டிக்கு வந்த கோளாறு கிளட்ச். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமும், வண்டி ஏறாது. மேலப்பாளையத்தில் வேப்பமரத்தடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் கிளட்சைத் தொடவே இல்லை. என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைக் கழற்றி, அதே வாயில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூடி லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான்.

“மூடி தாவி விழுந்துச்சுன்னா என்ஜினுக்குள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போயிட்டுன்னு அர்த்தம். இதுல ஒண்ணும் இல்ல தம்பி. செலவு பண்ணலாம்.”

கிளட்ச் செட், முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரண்டு லோயர் ஆர்ம், முன்பக்க ஷாக் அப்சார்பர், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் சொன்னார். வண்டியை இருக்கிற நிலையிலேயே புரோக்கர் 1,40,000-க்குக் கேட்டார். வேலை பார்த்துக் கொடுத்தால் 1,60,000. அதாவது 46,000 போட்டால் விலை 20,000 தான் ஏறுகிறது. விற்கத்தான் போகிறோம் என்றால் ரிப்பேர் பார்ப்பது வீண். ரிப்பேர் பார்த்தால் குறைந்தது இரண்டு வருஷம் ஓட்ட வேண்டும். பலரும் பெரிய வேலையெல்லாம் முடித்துவிட்டு, ‘இனி எப்போது என்ன வருமோ’ என்ற பயத்தில் மூன்றே மாதத்தில் விற்கிறார்கள். அந்தக் கிளட்சின் சுகத்தை அனுபவிப்பது வாங்கியவன்தான்.

இரண்டு வருஷக் கணக்கு இப்படி வந்தது. ரிப்பேர் 46,000. இன்று 1,40,000 பெறும் வண்டி அதற்குள் பாதி விலைக்கு இறங்கும் என்று வைத்தால் இன்னொரு 70,000. மொத்தம் 1,16,000, மாதத்துக்கு 4,800 சொச்சம். புது வண்டிக்கு 6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 12,455. அதில் முதல் மாத வட்டி மட்டுமே 4,500. நடுவில் சில்லறைச் செலவு வரும்தான், ஆனால் மாதாமாதம் தவணை அளவுக்கு வராது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றால் நான் வேறு மாதிரி யோசிப்பேன், பாதி வழியில் நின்றால் பிழைப்பு போய்விடும். நான் வேலைக்குப் போவது திருநெல்வேலி பாசஞ்சரில். கார் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும்தான், மாதம் 800 கிலோமீட்டர் தாண்டாது.

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைச் சொல்லித்தான் புரோக்கர் என் விலையை அடித்தார். “புதுசே இறங்கிட்டு, பழசுக்கு யார் கொடுப்பா?” நியாயமான கேள்விதான். ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடுகிறவர்கள் பழசின் விலையையும் புதுசின் தள்ளுபடியையும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றில் கொடுத்ததை இன்னொன்றில் எடுத்துவிடுவார்கள்.

என்னுடையதை விற்றுவிட்டு நாலு லட்சத்துக்கு இன்னொரு பழைய வண்டி வாங்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. நம் பக்கத்தில் அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவில் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! எல்லாம் கழுவிக் காயவைத்து எங்கோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், தண்ணீரில் நின்ற வண்டி என்றால் நுனியில் செம்மண் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில், அது முன்னும் பின்னும் நகரும் தண்டவாளம் துருப்பிடித்திருந்தால் பேரமே வேண்டாம். என் வண்டியில் எந்த வருஷம் எந்த பேரிங் மாற்றினேன் என்பது வரை எனக்குத் தெரியும். தெரிந்த நோய் பரவாயில்லை.

சரி, அத்தான் வண்டிக்கு வருவோம். என்ஜின் பூப்போல ஓடியது, இதை ஏன் விற்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கதவுக்குக் கீழே இருக்கும் ரன்னிங் போர்டின் அடியில் ஒரு குத்து குத்தினார். அப்பளத்தைக் குத்தினதுபோல உள்ளே போய்விட்டது. கைப்பிடி துருப்பொடி கொட்டியது. உவரிக் கடல்காற்றில் பன்னிரண்டு வருஷம் கொட்டகை இல்லாமல் நின்ற வண்டி. டிங்கரிங் பார்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடிக்க 55,000 ஆகும், ஆறு மாதத்தில் மறுபடி கொப்புளிக்கும் என்றார். என்ஜினில் தேய்ந்ததை மாற்றலாம், தகரத்தில் அரித்ததை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோதினால் தாங்கவும் தாங்காது. அத்தான் துருவைக் காட்டியே 1,10,000-க்கு விற்றார்.

இதற்குள் ஒரு வாட்ஸ்அப் வதந்தி வேறு: பத்து வருஷ டீசல் ஓடக்கூடாதாம். அந்தத் தகராறு டெல்லிப் பக்கத்தில். இங்கே பதினைந்து வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. என் ஆர்சி 2027 அக்டோபரில் முடிகிறது. நான் இரண்டு வருஷம் என்று கணக்குப் போட்டது அதனால்தான். அதற்குள் என்ஜின் ஹெட்டைக் கழற்றுகிற பெரிய வேலை வந்தால் அன்றைக்கே விற்றுவிடுவேன்.

விற்பதில் அத்தானுக்கு இருந்த ஒரே பயம் பேர் மாற்றம். புரோக்கர் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குகிறவர் பெயரைக் காலியாக விடப் பார்த்தார். ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்தானால் நஷ்ட ஈடு அவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. பெயர் எழுதாமல் சாவி கிடையாது என்று அத்தான் நின்றுவிட்டார். விற்றதை ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவிக்க 14 நாள் உண்டு. அவர் மறுநாளே போய் நின்றார். கிளைம் கேட்காததற்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, அது நம்முடையது என்று நான் சொன்னதும் அதற்கும் கடிதம் எழுதி வாங்கிவிட்டார்.

அப்புறம் தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்ப்பார். பதினோராவது நாள் எனக்கு அழைப்பு வந்தது. “மாப்ள, பேர் மாறிட்டு. இன்னைக்குத்தான்டே வண்டிய வித்திருக்கேன்.”