அண்டார்டிகா டூர்ல கயாக்கிங், கேம்பிங்னு தனியா காசு கேட்டா உஷார்! எனக்கு 2,18,000 போச்சு

இத டைப் பண்ணும்போது கூட கை நடுங்குது. நேத்து சாயங்காலம் டூர் புக் பண்ண ஏஜென்சில இருந்து ஒரு மெசேஜ், "மேடம், வெதரால ஆக்டிவிட்டி கேன்சல் ஆனா ரீஃபண்ட் கிடையாது". அவ்வளவுதான், என் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. வெதராம்! பச்சைப் பொய். அந்த கப்பல்ல நான் இருந்தேன், என் கண்ணு முன்னாடி மூணு தடவை கயாக், அதான் துடுப்பு போட்டு போற சின்ன படகு, தண்ணில இறங்குச்சு.

முதல்ல இருந்து சொல்றேன். எனக்கு பாலக்கோடு பக்கம். கவர்மென்ட் ஸ்கூல்ல 31 வருஷம் ஜியாக்ரஃபி டீச்சர், போன வருஷம் ரிட்டயர் ஆனேன். அமெரிக்கால இருக்கற என் தம்பி, "கப்பல் செலவு என்னோடதுக்கா, வருஷம் பூரா மேப்ல காட்டுன இடத்த ஒரு தடவ நேர்ல பாரு"ன்னான். கயாக்கிங், ஐஸ் மேல ராத்திரி தங்கறதெல்லாம் தனி காசு, அத ரெண்டு பேருக்கும் நான் போடறேன்னு சொன்னேன், கூடப்பொறந்த அக்காவா இருந்துட்டு எல்லாத்தையும் அவன் தலைலயே கட்ட மனசு வரல.

புக்கிங் பண்ணது பெங்களூர்ல ஆபீஸ் வச்சிருக்கற ஒரு டிராவல் ஏஜென்சி, இன்ஸ்டால பனிமலை போட்டோவா போட்டு விளம்பரம் பண்றவங்க. பேர் இப்ப போட வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்கார். அங்க இருந்த பையன் பேசுனதும் எங்க ஊர் பேச்சு மாதிரி இருந்துச்சு, கேட்டா "நான் அரூர்ங்கம்மா, நம்ம ஊர் டீச்சர்கிட்ட லாபம் பாப்பேனா"ன்னான். டீ வாங்கி குடுத்தான். அப்புறம் என் உயரம், எடை, தம்பியோடது, ஷூ சைஸ் எல்லாம் கேட்டு ஒரு நோட்டுல எழுதுனான். கயாக்ல போறப்ப தண்ணி உள்ள போகாத டிரை சூட் போடணும், அதுக்கு அளவு வேணும்னான். செருப்ப கழட்டி நம்பர் பாத்து சொன்னேன் நான். அந்த ஷூ சைஸ்ல தான் நம்பிட்டேன், இவ்வளவு கேக்கறவன் ஏமாத்துவானான்னு.

கயாக்கிங் ரெண்டு பேருக்கு 1,60,000, கேம்பிங் 50,000, ஐஸ் தண்ணில குதிக்கற போலார் பிளஞ்சுக்கு 8,000. மொத்தம் 2,18,000. கம்பெனி அக்கவுண்ட் ஆடிட்ல இருக்குன்னு சொல்லி அவன் சொந்த நம்பருக்கு ஜிபே பண்ண சொன்னான், லிமிட் இருக்கறதால மூணு நாள் பிரிச்சு அனுப்புனேன். ஏஜென்சி லெட்டர்ஹெட்ல "கன்ஃபர்ம்ட்"னு ஒரு வவுச்சர் வந்துச்சு, லாமினேட் பண்ணி வச்சேன்.

கப்பல் நிஜம், கேபின் நிஜம், அதுல குறை இல்ல. அர்ஜென்டினா உஷுவாயால ஏறி டிரேக் பாசேஜ்ங்கற கடல தாண்ட ரெண்டு நாள், வாந்தி தான். மூணாவது நாள் கயாக் குழுவ கூப்பிட்டாங்க. கப்பல்ல ஆக்டிவிட்டி எல்லாம் பாத்துக்கற எக்ஸ்பெடிஷன் டீம் பொண்ணு லிஸ்ட்ல விரல வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ போச்சு. எங்க பேர் இல்ல. கேம்பிங் லிஸ்ட்லயும் இல்ல. கயாக்கு 16 பேர் தான், எல்லாம் பல மாசம் முன்னாடியே ஃபுல், வெயிட்டிங் லிஸ்ட்ல கூட நீங்க இல்லன்னா. இதுக்கு முன்ன கயாக் ஓட்டியிருக்கீங்களான்னு ஒரு ஃபார்ம் நிரப்பியிருப்பீங்களேன்னு கேட்டா, அப்படி ஒரு ஃபார்ம நான் கண்ணாலயே பாத்ததில்ல. குதிக்கறதுக்கு அந்த கப்பல்ல காசே கிடையாது, இடுப்புல கயிறு கட்டி விடறாங்க, டாக்டர் பக்கத்துல நிக்கறார், யார் வேணா குதிக்கலாம்.

அடுத்த நாள் பாரடைஸ் ஹார்பர்ல கடல் கண்ணாடி மாதிரி. கரைக்கு ஒரே நேரத்துல 100 பேருக்கு மேல இறங்கக்கூடாதுங்கறதால எங்க முறை வர வரைக்கும் டெக்ல நின்னோம். கீழ கயாக் எல்லாம் வரிசையா ஐஸ் கட்டிங்க நடுவுல போகுது, துடுப்புல இருந்து தண்ணி சொட்டற சத்தம் மேல வரைக்கும் கேக்குது. தம்பி ஒண்ணும் பேசல, என் தோள்ல கைய வச்சிட்டு நின்னான். அவன் திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்ததுல இருந்து அலைச்சல். "சார் மீட்டிங்ல இருக்கார்", "வென்டர்கிட்ட கேட்டிருக்கோம்", "7 வொர்க்கிங் டேஸ்", திரும்ப 7 வொர்க்கிங் டேஸ். தர்மபுரில இருந்து பஸ் ஏறி நேர்லயே போனேன், ரெண்டரை மணி நேரம் சேர்ல உக்கார வச்சாங்க, அரூர் பையன் வேலைய விட்டுட்டானாம், அவன் வாங்குன காசுக்கு கம்பெனி பொறுப்பில்லயாம். அப்ப வவுச்சர் உங்க லெட்டர்ஹெட் தானேன்னு கேட்டா பதில் இல்ல. கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டேன், ஒரே நாள்ல பதில், உங்க புக்கிங் நம்பர்ல எந்த ஆக்டிவிட்டிக்கும் பணம் வரலன்னு. அத காட்டுன பிறகு தான் இந்த வெதர் கதை. ஒகேனக்கல்ல பரிசல் ஏறுனா கூட லைஃப் ஜாக்கெட்ட மாட்டி உக்கார வச்சு தான் கிளப்பறாங்க, இங்க 2,18,000 வாங்கிட்டு லிஸ்ட்ல ஒரு பேர் எழுதல. என் ரிட்டயர்மென்ட் காசுங்க அது.

போறவங்களுக்கு நிறைய எழுதணும்னு தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஓட மாட்டேங்குது. இத மட்டும் பாருங்க. ஏஜென்சி வவுச்சர நம்பாதீங்க, புக்கிங் நம்பர வச்சு கப்பல் கம்பெனிக்கே மெயில் போட்டு கயாக் லிஸ்ட்ல பேர் இருக்கான்னு எழுத்துல வாங்குங்க. கயாக் அனுபவம் பத்தி ஒண்ணுமே கேக்கலன்னா சந்தேகப்படுங்க. தனி ஆள் நம்பருக்கு ஜிபே வேணவே வேணாம். 500 பேருக்கு மேல ஏத்தற கப்பல்னா கரைலயே இறக்க மாட்டாங்க, அந்த மாதிரி கப்பலுக்கும் கரைல பண்ற ஆக்டிவிட்டி விக்கறாங்கன்னா ஓடிடுங்க.

கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சாச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நாம இருக்கற மாவட்டத்துலயே கன்ஸ்யூமர் கோர்ட்ல போடலாம், பெங்களூருக்கு ஓட வேண்டியதில்ல, அதனால நாளைக்கு காலைல மெயில் பிரின்ட், ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த லாமினேட் வவுச்சர் எல்லாம் எடுத்துட்டு தர்மபுரி போறேன். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இதே மாதிரி "அரூர்ங்கம்மா"ன்னு பேசுன ஆள்கிட்ட காசு கட்டியிருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேந்தே போடலாம்.