அடிபடாத இண்டியானா ஜோன்ஸ்

‘கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்’ 2008 மே மாதம் திரைக்கு வந்தபோது, இண்டியானா ஜோன்ஸ் சாகசப் படத்தொடரின் மூன்றாம் பாகம் வெளியாகி 19 ஆண்டுகள் ஆகியிருந்தன. இயக்கம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், கதையில் ஜார்ஜ் லூகாஸ், நாயகனாக ஹாரிசன் ஃபோர்டு, இசை ஜான் வில்லியம்ஸ். பழைய கூட்டணி அப்படியே இருந்தது. அன்றுமுதல் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். தொடரை முதலிலிருந்து பார்க்கும்போதெல்லாம் இதையும் விடுவதில்லை. இந்த முறையாவது பிடித்துவிடாதா என்ற ஆசையோடுதான் உட்காருகிறேன். பிடிப்பதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பது மட்டும் வரவரத் தெளிவாகிறது.

வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டார்கள் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. கதை நடப்பது 1957இல். பறக்கும் தட்டுகளைப் பற்றி அமெரிக்காவே பேசிக்கொண்டிருந்த காலம். முதல் பாகத்தில் பேழையைத் திறந்ததும் ஆவிகள் கிளம்பவில்லையா? மூன்றாம் பாகத்தில் ஒரு வீரர் பல நூற்றாண்டுகளாகக் கிண்ணத்தைக் காத்துக்கொண்டிருக்கவில்லையா? அவற்றை நம்பிய மனம் இதையும் நம்பும்.

நம்ப முடியாதது நாயகனின் உடம்பைத்தான். 1981இல் வந்த முதல் பாகத்தின் லாரிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். கையில் குண்டு பாய்கிறது. அந்தக் காயத்தின்மேலேயே எதிரி குத்துகிறான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு முன்பக்கம் போய் விழுகிறார். பிடித்த பிடி கையோடு வந்துவிடுகிறது. ஓடும் லாரியின் அடியில் புகுந்து, சாட்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் இழுபட்டு, பின்பக்கமாக மறுபடியும் ஏறி வருகிறார். லாரிக்கு அடியில் உண்மையாகவே போனவர் டெரி லியோனார்டு என்ற சண்டைக் கலைஞர். அதற்காகச் சாலையின் நடுவே பள்ளம் வெட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு வரும் கப்பல் காட்சிதான் எனக்கு உயிர். உடம்பில் தொட்ட இடமெல்லாம் வலிக்கிறது. வலிக்காத இடம் எது என்று நாயகி மேரியன் கோபமாகக் கேட்க, முழங்கையைக் காட்டுகிறார். பிறகு நெற்றி, கண், உதடு. முத்தத்தின் நடுவிலேயே தூங்கிப்போகிறார்.

1984இல் வந்த இரண்டாம் பாகத்துக்காக இலங்கையின் கண்டிப் பகுதியில் மெய்யாகவே ஒரு தொங்குபாலத்தைக் கட்டி, மெய்யாகவே அறுத்து விழவைத்தார்கள். இன்று பார்த்தாலும் அடிவயிறு கலங்குகிறது.

நான்காம் பாகத்தில் அணுகுண்டுச் சோதனையின்போது நாயகன் குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்துகொள்கிறார். பெட்டி வானத்தில் பறந்து, தரையில் மோதி உருள்கிறது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து எழுந்து நிற்கிறார். பிறகு ஒரு படகுவண்டியில் எல்லோரும் அடுத்தடுத்து மூன்று அருவிகளில் விழுகிறார்கள். ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. காட்டுக்குள் நடக்கும் வாகனத் துரத்தலில் வாள்சண்டை, குரங்குக் கூட்டம், கொடியைப் பிடித்துத் தாவுதல் எல்லாம் உண்டு. யாரும் எங்கேயும் விழுந்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு கணம்கூட வரவில்லை. கணினியில் வரைந்த காடு என்று கண் கண்டுபிடித்துவிடுகிறது. முதல் மூன்று படங்களில் ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் தந்த அழுத்தமான நிழல்களும் இதில் இல்லை. எல்லாவற்றின்மேலும் பால்வெளிச்சம் படர்ந்திருக்கிறது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. படத்தின் தலைப்பில் வரும் ‘கிரிஸ்டல் ஸ்கல்’, அதாவது படிக மண்டையோடு, நிஜத்திலும் உண்டு. பழங்காலப் பொருள் என்று நம்பி பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897இல் வாங்கிய ஒன்று, பிற்கால ஆய்வுகளில் 19ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு என்று தெரியவந்தது. சுழலும் சக்கரத்தால் தேய்த்த தடம் அதைக் காட்டிக்கொடுத்தது. யூஜின் போபன் என்ற பிரெஞ்சுத் தொல்பொருள் வியாபாரியின் கைவழியே வந்த பொருள் அது. தொல்லியல் பேராசிரியரை நாயகனாக வைத்திருக்கும் தொடருக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்? போலிகளுக்கு நடுவே ஒரே ஒரு அசலைத் தேடி அவர் அலைந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

பிடித்தவையும் உண்டு. கல்லூரி வளாகத்தில் மோட்டார் சைக்கிளில் நடக்கும் துரத்தலில் பழைய துள்ளல் இருக்கிறது. கேட் பிளான்செட்டின் சோவியத் அதிகாரி, கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, கரேன் ஆலன் மேரியனாகத் திரும்பி வருகிறார். நாயகனைக் கண்டதும் முதலில் சண்டை, பிறகு முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் காட்சியை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். நேபாளத்தில் மதுக்கடை நடத்தி, குடிப்போட்டியில் ஆண்களைச் சாய்த்த பெண் அவர். அவரை 27 ஆண்டுகள் கழித்துக் கூட்டிவந்து, வண்டி ஓட்டவும் கடைசியில் மணக்கோலத்தில் நிற்கவும் மட்டுமே விட்டதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.